கை படாத படம்

அம்பாசமுத்திரம்
20-4-1995

அன்புள்ள சொர்ணத்துக்கு,

காந்திமதிநாதன் எழுதுவது. இங்கே நானும் பிள்ளையும் சுகம் என்றுதான் எப்போதும் தொடங்குவேன். இன்று அந்த வரியை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. டூட்டிக்குப் போகிற அவசரத்தில் இதைப் படிக்காதே. ரூமுக்கு வந்து, உட்கார்ந்து படி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சித்ரலேகா நன்றாக ஓடியாடுகிறாள், சாப்பிடுகிறாள். உயிருக்கு ஒன்றுமில்லை.

மஸ்கட்டிலிருந்து நீ கொடுத்தனுப்பிய மடக்குக் கேமராவால் வந்த வினை இது. எடுத்த உடனே படம் வெளியே வந்துவிடுகிறது, ஆனால் உள்ளே வண்ணம் மணிக்கணக்கில் இளகியே இருக்கிறது என்று உனக்கு எழுதியிருந்தேன். முதல் படத்தில் என் நகம் தெரியாமல் அழுத்தி ஆற்றுப்பாலத்தின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. டிராயிங் வாத்தியார் கை அதற்கப்புறம் சும்மா இருக்குமா? நீ விட்டுப்போன கொண்டை ஊசியின் மழுங்கின பக்கத்தால் தேய்த்துத் தேய்த்துப் பழகினேன். தண்ணீரும் மரமும் சுலபமாக வந்தன. முகம்தான் பாடாய்ப் படுத்தியது. ஒரு இழுப்பு தப்பினால் ஆளே மாறிவிடும்.

மார்கழிக் குளிரில் படம் சீக்கிரம் இறுகிவிடுகிறதே என்று, சூடாக இருந்தால் இளகி இருக்கும் என்று, கொதிக்கிற தண்ணீர்ச் சட்டியின் மூடிமேல் வைத்து வேலை செய்தேன். அரைப் பரீட்சை லீவு. மூடிமேல் இருந்தது சித்ராவுடைய படம். ஊசியைத் துடைக்கத் துணி எடுக்கத் திரும்பினேன், அவ்வளவுதான் சொர்ணம். தன் படத்தை எடுக்க எட்டியவள் மேல் சட்டி சாய்ந்தது. இடது கன்னமும் கழுத்தும் வெந்துபோயின. பக்கத்து வீட்டு ஹமீது பீவி அக்காதான் பிள்ளையை வாரிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நான் செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே ஓடினேன்.

தீக்காய வார்டில் வேலை பார்க்கிறவள் நீ. அன்றைக்கே உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஒரு மாதம் அலைந்தேன். வெள்ளிக்கிழமைகளில் நீ போன் பேசும்போது பிள்ளை தூங்குகிறாள், விளையாடப் போய்விட்டாள் என்று நான் சொன்னதெல்லாம் பொய்தான்.

மாசியில் பிறந்தநாள் படம் கேட்டு எழுதினாய். எடுத்தேன். தழும்பு பளிச்சென்று தெரிந்தது. நல்ல கன்னத்தின் நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து அதன்மேல் மூடினேன். கன்னத்தை மட்டும் தேய்த்திருக்கிறேன் என்று உனக்குச் சந்தேகம் வரக்கூடாதென்று பின்னால் இருந்த வேப்பமரத்தையும் கலைத்துவிட்டேன். "பிள்ளை சித்திரம் மாதிரி இருக்கா, வார்டு முழுக்கக் காட்டினேன்" என்று நீ பதில் போட்டாய். அந்தக் கடிதத்தை என்னால் இரண்டாம் தடவை படிக்க முடியவில்லை. ஹமீது பீவி அக்கா அப்போதே சத்தம் போட்டாள். "வாத்தியாரே, படத்துல அழிச்சிட்டீரு. நாளைக்கு அவ வந்து பிள்ளயப் பாத்தா என்ன செய்வீரு?" என்று கேட்டாள். நீ வைகாசியில் வருகிறாய் என்று தெரிந்ததிலிருந்து எனக்கும் அதே நினைப்புதான்.

போன ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், சித்ரா கண்ணாடி முன்னால் நிற்கிறாள். கையில் அதே கொண்டை ஊசி. கன்னத்தில் தேய்த்துக்கொண்டிருக்கிறாள், தழும்பு சிவந்து கிடக்கிறது. என்னைப் பார்த்ததும், "எப்பா, எனக்குச் சரியா வரல. நீங்க தேய்ங்க. அம்மா வாரதுக்குள்ள போயிருமா?" என்று கேட்டாள். நான் படத்தைத் தேய்த்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள்தானே! ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் எதற்கு என்று தெரியாமல் என் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

இருந்த கடைசி பிலிமில் அன்றைக்கே ஒரு படம் எடுத்தேன். இப்போதெல்லாம் கேமராவைக் கண்டாலே இடது கன்னத்தைத் தோளில் புதைத்துக்கொள்கிறாள். அம்மாவுக்கு அனுப்பத்தான் என்று அரைமணி நேரம் கெஞ்சியபிறகு திரும்பினாள். நாலு நாள் பீரோவுக்கு அடியில் வைத்து நன்றாக இறுகவிட்டேன். இத்துடன் இருப்பது அதுதான். என் கை இதில் படவில்லை. பார்த்து அழ வேண்டியதையெல்லாம் அங்கேயே அழுதுவிடு.

வாயோரம் தோல் லேசாக இழுக்கிறது. பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாமா, நீ வரும்வரை பொறுக்கலாமா, என்ன தடவ வேண்டும், உடனே எழுது.

என்னை என்ன வேண்டுமானாலும் பேசு. பேசாமலே இருந்தாலும் சரி. ஒன்றே ஒன்று கேட்கிறேன். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் இறங்கி நீ வெளியே வரும்போது அவள் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நிற்பாள். பெட்டியைக் கீழே போட்டுவிட்டு, முதல் முத்தத்தை அந்த இடது கன்னத்தில் கொடு.

உன்
காந்திமதிநாதன்