ரனீமின் லேப்டாப்பில் ஓடாத விளையாட்டு

இர்பித்,
திங்கட்கிழமை, மாலை அஸர் தொழுகைக்குப் பின்.

என் கண்ணான மகன் ஸுஹைபுக்கு உன் தகப்பன் எழுதுவது. நீ இருக்கும் வீட்டிலும் நடக்கும் வழியிலும் இறைவனின் அமைதி கூடவே இருக்கட்டும். லைப்சிக்கில் குளிர் தொடங்கிவிட்டதாகப் பக்கத்து வீட்டு மாஜித் சொன்னான். உள்ளே கம்பளிச் சட்டை போட்டுக்கொள்கிறாயா என்று கேட்க ஆசை. பதில் வராது என்று தெரியும். அதனால் போட்டுக்கொள்கிறாய் என்றே நானாக முடிவு செய்துவிட்டேன்.

மாஜித் நாளைக் காலை விமானத்தில் அங்கே திரும்புகிறான். இந்தக் கடிதத்தைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகாமல் உன் கையிலேயே கொடுப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறான். கூடவே உன் தங்கை ரனீம் எண்ணெயில் ஊறப்போட்டு அடைத்த மக்தூஸ் கத்தரிக்காய் ஒரு புட்டி வருகிறது. கடிதத்தில் எண்ணெய் ஊறியிருந்தால் என்னைத் திட்டாதே. உன் தங்கை மூடி திருகும் லட்சணம் உனக்குத் தெரிந்ததுதான்.

இனி நேராக விஷயத்துக்கு வருகிறேன், யாபா. உன் உம்மாவின் இதயத்தில் வால்வு ஒன்று கெட்டுப்போய்விட்டது. படி ஏறினால் பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறாள். வருகிற ஞாயிறு காலை ஆபரேஷன் என்று நாள் குறித்திருக்கிறார்கள். வியாழன் மாலைக்குள் அவள் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த முறை எப்போது என்று யாருக்கும் தெரியாது. இவளோ பேனாவைத் தொடமாட்டேன் என்கிறாள்.

"எம்புள்ள குரலைக் கேக்காம நான் அந்த மேசையில ஏறமாட்டேன். செத்துகித்துப் போனா அவன் மனசுல என்ன நிக்கும்? நாம போட்ட சண்டைதானே நிக்கும்?" என்கிறாள். டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "தள்ளிப்போட்டா வால்வு காத்துக்கிட்டிருக்காது, அபூ ஸுஹைப். எப்படியாவது சம்மதிக்க வைங்க" என்றார். நான் சொல்லி அவள் சம்மதித்தது என்று இந்த வீட்டில் எது நடந்திருக்கிறது, நீயே சொல்.

ரமலானில் நமக்குள் வந்த பேச்சுக்குப் பிறகு நீ எண்ணை மாற்றிவிட்டாய். உன் சிநேகிதர்களும் வாய் திறக்கவில்லை. ரனீம் அனுப்பும் செய்திகளை நீ திறந்தே பார்ப்பதில்லை. உன் பெயரில் எஞ்சியிருந்தது ஒரே ஒரு பச்சைப் புள்ளி. நீ வீட்டில் இருந்தபோது இரவெல்லாம் கத்திக்கொண்டு ஆடுவாயே, அந்தச் சண்டை விளையாட்டின் பட்டியலில் உன் பெயருக்குப் பக்கத்தில் தினமும் மாலையில் அது எரிகிறது என்று ரனீம்தான் காட்டினாள். "அண்ணன் தன் குழுவைத் திறந்தே வச்சிருக்கான் பாபா. யாரு வேணாலும் போய்ச் சேரலாம். உள்ள போயிட்டா குரலே கேக்கும்" என்றாள். ஆனால் அவளுடைய லேப்டாப்பில் அந்த விளையாட்டு ஓடவில்லை. திறந்தால் படம் ஒவ்வொன்றாக நின்று நின்று நகர்கிறது, நம் பழைய பிக்கப் மேடு ஏறுகிற மாதிரி. அடியில் கை வைத்தால் ரொட்டி சுடலாம். கிராஃபிக்ஸ் போதவில்லையாம்.

போதாவிட்டால் பெரிதாக ஒன்றை மாட்டிவிட வேண்டியதுதானே? லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பல்கலைக்கழகத் தெருவில் யஸன் என்கிற பையனின் கடைக்குப் போனேன். சிலிண்டர் விற்கும் கேஸ் வண்டியைக் கடை வாசலிலேயே நிறுத்திவிட்டேன். வாங்குபவர்களைக் கூப்பிட அது போடும் பாட்டை நிறுத்த மறந்துவிட்டேன். உள்ளே நான் பேசி முடிப்பதற்குள் இரண்டு பெண்கள் காலிச் சிலிண்டரோடு வந்து நின்றுவிட்டார்கள்.

யஸன் லேப்டாப்பின் அடியைத் திருகிக் கழற்றிக் காட்டினான். "ஹாஜி, இது நீங்க விக்கிற சிலிண்டர் இல்ல, காலியானதைக் கழட்டி நெறைஞ்சதை மாட்ட. மேசைக் கம்ப்யூட்டர்னா அப்படிச் செய்யலாம். இதுல கிராஃபிக்ஸ் தனியாவே இல்ல. பிராசசருக்குள்ளயே இருக்கு, பிராசசரை போர்டோட சேத்துப் பத்தவச்சிட்டாங்க."

"பத்தவச்சதைப் பேத்து எடுக்க முடியாதா?"

"உங்க மூக்கைப் பேத்துட்டு வேற மூக்கு வைக்கலாமா?"

"வச்சா நல்லாத்தான் இருக்கும். என் பொண்டாட்டி ரொம்ப நாளா சொல்றா" என்றேன். கடையே சிரித்தது. சிரிக்க வைத்தால் ஒருவேளை முடியும் என்று சொல்லிவிடுவான் என்று ஒரு நப்பாசை.

நல்ல பையன்தான். பேச்சோடு விட்டுவிடவில்லை. வெளியே ஒரு பெட்டி வைத்து, அதில் பெரிய கிராஃபிக்ஸ் கார்டைப் போட்டுக் கம்பியால் இணைக்கலாமாம், ஆனால் அந்தக் கம்பிக்கான வாய் இந்த லேப்டாப்பில் இல்லை. இன்னொரு மெமரி சேர்த்தால் கொஞ்சம் தேறும் என்று தன்னுடைய ஒன்றையே மாட்டிப் பார்த்தான். விளையாட்டில் படத்தின் தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கினான். மரங்கள் எல்லாம் அட்டைப் பெட்டி மாதிரி ஆயின. படம் முன்னைவிட நகர்ந்தது, ஆனால் சண்டை தொடங்கியதும் உறைந்து நின்றுவிட்டது. "படிக்கிற பொண்ணுக்கு இது அருமையான லேப்டாப், ஹாஜி. விளையாட்டுக்கு வேற வாங்கணும், இல்லன்னா கேம் கஃபேக்குப் போகணும். வேற எவனாவது கிராஃபிக்ஸ் மாத்தித் தரேன்னு சொன்னா இதைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்துடுங்க" என்றான். பிறகு, "பையன் ரொம்ப அடம் பிடிக்கிறானோ?" என்று கேட்டான். விளையாடப் போவது நான்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆமாம், பெரிய அடம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்படித்தான் சனிக்கிழமை மாலை உன் தகப்பன் கேம் கஃபேக்குள் நுழைந்தான். புறப்படும்போதே ரனீம், "உங்க பேரைச் சொல்லிடாதீங்க பாபா. தெரிஞ்சா அண்ணன் வெளிய போயிடுவான். குரலையும் மாத்திக்கோங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். கஃபே நடத்தும் தாயெர் நாற்காலியில் உட்கார வைத்தான். அது விமானி நாற்காலி மாதிரி, ஏறினால் இறங்கத் தெரியவில்லை. காதில் ஹெட்போனை மாட்டினான். என்ன பெயர் போடட்டும் ஹாஜி என்று கேட்டான், சொன்னேன், தட்டினான். உன் குழுவின் பெயரை ரனீம் எழுதிக் கொடுத்திருந்தாள். அதைக் காட்டியதும் உள்ளே அனுப்பிவிட்டான்.

இடிந்த ஊர் ஒன்று. கையில் துப்பாக்கியோடு நான். காதுக்குள் நாலைந்து பையன்களின் இரைச்சல். ஒரு சபைக்குள் நுழைந்தால் என்ன செய்வோம்? நானும் தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு ஸலாம் சொன்னேன். எல்லாரும் சுகமா, வீட்டில் சுகமா, பெற்றவர்கள் சுகமா என்று ஒவ்வொருவராக விசாரிக்கத் தொடங்கினேன். இரண்டாவது ஆளின் தகப்பனாரிடம் வருவதற்குள் எவனோ என்னைச் சுட்டுவிட்டான்.

"டேய், இந்தப் பெருசை யாருடா உள்ள விட்டது?" என்றான் ஒருவன், பேச்சைப் பார்த்தால் மொராக்கோக்காரன். "குண்டுக்கு நடுவுல குசலம் விசாரிக்கிறாருடா! அடுத்து காபி போடுவாரு!"

மறுபடி எழுந்தேன், மறுபடி செத்தேன். இந்த முறை வானத்தைப் பார்த்தபடியே நடந்து போய்க் கிணற்றில் விழுந்தேன். அவர்கள் சிரித்த சிரிப்பில் காது அடைத்தது. அப்போதுதான் அந்தக் குரல் வந்தது.

"சிரிச்சது போதும்டா. பெரியவர் புதுசு. ஹாஜி, சுவரை ஒட்டிக் குனிஞ்சு வாங்க. நான் முன்னால போறேன்."

சளி பிடித்த குரல். அதனால்தான் கம்பளிச் சட்டையைப் பற்றிக் கேட்டேன். தெருவில் போகிற எந்தப் பெரியவரையும் கூப்பிடுகிற மாதிரி நீ என்னை ஹாஜி என்றாய். நானும் யாரோ மாதிரி, "சரி தம்பி" என்றேன். அந்த எலிப்பொறியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், அதை மௌஸ் என்கிறார்கள். நீ முன்னால் நடந்தாய், நான் உன் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். குண்டு வந்தபோதெல்லாம் நீ குறுக்கே வந்து நின்றாய். என்னால் நம் கட்சி தோற்றது. நீ போகவில்லை. இன்னொரு ஆட்டம் போடலாமா ஹாஜி என்றாய்.

சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு மூச்சிலும் நினைத்தேன். ஆனால் அந்நியப் பையன்கள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது உன் உம்மாவின் நோயை எப்படிச் சபையில் போடுவது? அவர்கள் எப்போது ஓய்வார்கள் என்று காத்திருந்தேன். இரண்டாவது ஆட்டமும் முடிந்தது, சத்தம் அடங்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் நீயே மெதுவாகக் கேட்டாய்:

"ஹாஜி... வீட்ல எல்லாரும் சுகமா?"

இத்தனை நாள் நான் காத்திருந்த கேள்வி அது. என் நாக்கு என்ன சொன்னது தெரியுமா? பிறந்ததிலிருந்து எவன் கேட்டாலும் எதைச் சொல்கிறேனோ அதையே சொன்னது. "அல்ஹம்துலில்லாஹ், எல்லாரும் சுகம்."

"நல்லது" என்றாய். பச்சைப் புள்ளி அணைந்துவிட்டது.

நான் ஹெட்போனைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் திரையைச் சரியாகப் பார்த்தேன். கிணற்றடியில் நின்ற என் சிப்பாயின் தலைக்கு மேல் பெரிய எழுத்தில் 'அபூ ஸுஹைப்' என்று எழுதியிருந்தது. பெயர் கேட்டால் நான் வேறு எதைச் சொல்வேன், யாபா? நீ பிறந்த நாளிலிருந்து ஸுஹைபின் தகப்பன் என்று உன் பெயரை வைத்துத்தானே இந்த ஊர் என்னைக் கூப்பிடுகிறது? ஒளிந்து போகச் சொன்னார்கள். நான் உன் பெயரை நெற்றியில் ஒட்டிக்கொண்டு போயிருக்கிறேன். குரலை மாற்றிய கூத்து வேறு.

ஆக, முதல் ஸலாமிலிருந்தே உனக்குத் தெரியும். தெரிந்தும் நீ வெளியே போகவில்லை. தெரிந்துதான் முன்னால் நின்றாய். தெரிந்துதான் வீட்டைப் பற்றிக் கேட்டாய். கேட்டவனுக்கு நான் பொய் சொல்லி அனுப்பிவிட்டேன். நேற்று முழுதும் அதே நாற்காலியில் காத்திருந்தேன். புள்ளி எரியவில்லை. சுகம் என்று கேட்டு நிம்மதியாகப் போய்விட்டாய் போலிருக்கிறது. அதனால்தான் இந்தக் காகிதம். சுகம் இல்லை, ஸுஹைப். உன் உம்மாவுக்குச் சுகமே இல்லை.

கஃபேக்குப் போனது அவளுக்குத் தெரியாது. கேஸ் வியாபாரம் சூடுபிடித்துவிட்டது, அதனால்தான் தாமதமாக வருகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். போனைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் படுக்கிறாள். அவளுடைய எண் பழைய எண்தான், மாற்றவில்லை, நீ தேடினால் கிடைக்காமல் போய்விடும் என்று.

வியாழன் மாலைக்குள் ஒரு முறை கூப்பிடு. என்னோடு பேச வேண்டாம். நம் இருவருக்கும் நடுவில் இருப்பது இருக்கட்டும், அதற்கு அவசரமில்லை. அஸருக்கும் சூரியன் மறைந்து வரும் மக்ரிப் தொழுகைக்கும் இடையில் நான் வீட்டில் இருக்க மாட்டேன். விற்கச் சிலிண்டர் இல்லாவிட்டாலும் வண்டியை எடுத்துக்கொண்டு ஹுஸ்ன் ஊர்ப் பக்கம் போய்விடுவேன். ரனீமையும் அந்த நேரம் மாடிக்குப் போய்விடச் சொல்லியிருக்கிறேன். உன் உம்மா மட்டும்தான் இருப்பாள். பின்னால் நின்று நான் கேட்கிறேனோ என்று உனக்குச் சந்தேகமே வேண்டாம்.

இறைவன் உன் நெஞ்சில் ஈரத்தையும் உன் கைக்கு வேலையையும் குறையாமல் வைக்கட்டும். உன்னைச் சுற்றி நல்ல மனிதர்களை நிறுத்தட்டும். நாளை மாலையிலிருந்து வண்டியை எடுக்கிறேன். பாட்டைச் சத்தமாகப் போட்டுக்கொண்டே தெருமுனை தாண்டுவேன், நான் போய்விட்டேன் என்று உன் உம்மாவுக்கும் தெரியட்டும். கூப்பிடு, மகனே.

உன் தகப்பன்.