பெரியவர் காரின் கடைசி போல்ட்டு

12.6.06 திங்கள்

வெயில். காற்று விடாமல் அடிக்கிறது. மாடியில் பிழிந்து போட்ட வடகம் பூராவும் மண். என் அறை ஃபேன் மறுபடி கிறீச் கிறீச். என் பேரன் கதிரிடம் சொல்லி வைத்ததுதான் மிச்சம். அவனுக்கு எங்கே நேரம்.

லோடு வண்டியில் பெரியவர் கார் வந்து இறங்கியது. பெரியவர் என்றால் என் வீட்டுக்காரருக்கு அண்ணன், பட்டாசுக் கம்பெனி முதலாளி. செத்துப்போயும் பெரியவர்தான். அவர் மகன் குடோனைக் காலி பண்ணுகிறானாம். "இரும்புக் கடைக்குப் போறது, வேணும்னா எடுத்துக்கோ" என்று கதிரிடம் தள்ளிவிட்டிருக்கிறான். சீமைக் கார். இரண்டே சீட்டு, மடக்குக் கூரை. அப்போது சிவப்பு. இப்போது என்ன நிறம் என்று சொல்லத் தெரியவில்லை.

கதிர் சிவகாசியில் அச்சு மெஷின் ஓட்டுகிறவன். மெஷினைக் கழற்றிப் போட்டிருப்பதால் இந்த வாரம் லீவு. காரைத் தடவித் தடவிப் பார்க்கிறான், கன்றுக்குட்டி மாதிரி.

"அப்பத்தா, தீவாளிக்கு ஒன்ன இதுல வச்சு மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"என் காலு அதுல படாதுலே."

"இன்னுமா?"

இன்னும்தான். கம்பெனி ஷெட் வெடித்த அன்று என் வீட்டுக்காரரைச் சாக்கில் போட்டுத் தூக்கி வந்தோம். கால் மட்டும்தான் அடையாளம் தெரிந்தது, பெருவிரல் தனியாக விலகி நிற்கும். இந்தக் கார் வாசலில் நின்றது. "ரெண்டு சீட்டுதானம்மா, இதுல எப்படி" என்றார் பெரியவர். சலவை வேட்டி. சாவி கையிலேயே இருந்தது. மதுரை ஆஸ்பத்திரிக்குத் தீப்பெட்டி லோடு லாரியில் ஏற்றினோம். கள்ளிக்குடி தாண்டுமுன் உயிர் போய்விட்டது. காரியம் முடிந்து வந்து, அந்தக் கார் மேல் மண்ணை வாரித் தூற்றினேன். நீ தீப்பிடிச்சு எரியணும் என்றேன். தெருவே கேட்டது.

13.6 செவ்வாய்

மாவு மில். பால் தண்ணீர். சொன்னால் சண்டை.

மெக்கானிக் காதர் வந்தான், விருதுநகர் ஒர்க் ஷாப்பிலிருந்து. நல்ல பையன்தான், டீ மட்டும் அண்டா அண்டாவாக வேண்டும். பின்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, கல்லில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றினார்கள். அடியில் இரண்டு பக்கமும் வில் மாதிரி இரும்புப் பட்டை. பட்டைக்கு முன்னால் ஒரு போல்ட்டு, பின்னால் ஒரு போல்ட்டு. எல்லாம் துரு. எது பட்டை எது போல்ட்டு என்று தெரியாத துரு.

"ஆத்தா, இது காரு இல்ல. கடல்ல முங்குன கப்பலு."

டீசல் ஊற்றி ஊறப் போட்டார்கள். ஷாக் அப்சார்பர் கழன்றது, கறுப்பாக எண்ணெய் வடிந்தது. கவ்விப் பிடிக்கிற கிளாம்பை ரம்பத்தால் அறுத்தார்கள்.

சாயங்காலம் கதிர் குளித்துவிட்டு வந்தான். உள்ளங்கை மினுமினு என்றது.

"என்னலே கையில?"

"துரு, அப்பத்தா."

"துரு செவப்புலே."

கையைப் பிடித்துத் தேய்த்தேன். என் விரலிலும் ஒட்டிக்கொண்டது. சோப்புக்குப் போகாது. கம்பெனியில் இருந்த காலம் முழுக்க என் சோற்றில், தலைமுடியில், பிள்ளைக்குக் கொடுத்த பாலில் இருந்த மினுக்கு. பட்டாசு மருந்தில் சேர்க்கிற அலுமினியப் பவுடர்.



14.6 புதன்

காலையிலேயே சொன்னேன். மூன்று பேரையும் நிற்க வைத்துச் சொன்னேன். பெரியவர் இந்தக் காரில்தான் கலந்த வெடிமருந்து கொண்டுபோவார், வெம்பக்கோட்டைப் பக்கம் வீட்டில் வைத்து வெடி உருட்டுகிறவர்களுக்கு. சீட்டுக்குப் பின்னால் வைத்து, பெட்ஷீட் போட்டு மூடி. முதலாளி காரை எவன் நிறுத்துவான்? ஏற்றிவிட்ட கை இந்தக் கை. பை பொத்தல், கார்த் தரை பொத்தல். சிந்தியதெல்லாம் அடியில் பெட்டி மாதிரி மடித்த இரும்புக்குள் இறங்கியிருக்கும். பட்டையின் முன் போல்ட்டு அதற்குள்தான் போகிறது.

காதர்: "அது அலுமினியப் பெயிண்டு ஆத்தா. அந்தக் காலத்துல அடியில அடிப்பாக."

மருமகள் ராஜேஸ்வரி: "அத்தை, அந்தக் காரு எரியணும்னு இம்புட்டு வருசமாச் சொன்னது நீங்க. இப்ப எரிஞ்சிரும்னு பயங்காட்டுறதும் நீங்களா?"

சிரிக்காமல் கேட்டாள்.

காட்டிவிடுவோம் என்று, கீழே கொட்டிக் கிடந்ததில் ஒரு சிட்டிகை கிள்ளி அடுப்புக் கங்கில் போட்டேன். மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. கொஞ்சம் புகை.

"புஸ்வாணங்கூட வரலையே அப்பத்தா! நம்ம கம்பெனி சரக்கேதான்."

காதர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தான். பிறகுதான் உறைத்தது. நான் கிள்ளியது டீசலில் ஊறிய மண். பெட்டிக்குள் இருப்பது காய்ந்தது. போய்ச் சொன்னால் இன்னொரு தரம் சிரிப்பார்கள். தண்ணீர் ஊற்றலாமா? ஈரம் பட்ட மருந்து தானாகச் சூடேறும். மழைநாளில் யாரும் தொடாமலே வெடித்துப் போன ஷெட்டெல்லாம் அப்படித்தான்.

இடது பட்டை மத்தியானம் முழுசாக வந்துவிட்டது. வலதில் பின் போல்ட்டும் வந்தது. மிச்சம் வலது முன் போல்ட்டு ஒன்றுதான். காதர் சம்மட்டி போட்டான். நாலாவதோ ஐந்தாவதோ அடியில் 'டப்'. பிள்ளைகள் கல்லில் வைத்துத் தட்டுகிற பொட்டு வெடி மாதிரி. கடுகளவு வெள்ளை வெளிச்சம். நான் மட்டும் பார்த்தேன்.

"அந்தா, விட்டுக் குடுக்குது பாரு" என்றான் காதர்.

இன்னொன்றும் தோன்றியது. ஷெட் வெடித்த அன்று காலையிலும் அந்தக் காரில் மருந்து ஏற்றினேன். என் வீட்டுக்காரரைத் தூக்கி வந்தபோது சீட்டுக்குப் பின்னால் அது இருந்திருக்கும். அதனால்தான் பெரியவர் ஏற்றவில்லையோ. இருக்கட்டும். இறக்கி வைக்க எம்புட்டு நேரம் ஆகும்? உள்ளதைச் சொல்ல வாய் இல்லாமல் சீட்டு மேல் பழி போட்டார். விட மாட்டேன்.

15.6 வியாழன்

அதே காற்று. கத்தரிக்காய் சொத்தை.

போல்ட்டு அசையவில்லை. காதர் கேஸ் சிலிண்டர் எடுத்துவரப் போயிருக்கிறான், நாளைக்கு வருவான். "சூடு வச்சா வெண்ண மாதிரி வந்துரும்."

கதிரைத் தனியாகப் பிடித்தேன்.

"எத்தன நாள் ஆனாலும் ரம்பத்தை வச்சு அறுங்கலே."

"ரம்பம் உள்ள போகாது அப்பத்தா."

"அப்ப இரும்புக் கடைக்குப் போடு."

"ஒனக்கு அதான வேணும்? தாத்தா ஏறாத வண்டியில பேரன் ஏறிரக் கூடாது."

சுருக்கென்றது. நான் சொல்லிக் கொடுத்த கதை, என் மேலேயே திரும்புகிறது. இத்தனை வருஷம் அந்தக் காரைத் திட்டாமல் இருந்திருந்தால் இன்றைக்கு என் பேச்சு ஏறியிருக்கும். ஆனாலும் விட்ட சொல்லைத் திரும்ப வாங்க மாட்டேன். கார் எரியட்டும். அவன் அதற்கு அடியில் இருக்கக் கூடாது. அம்புட்டுதான்.

செய்தது: மண்ணெண்ணெய் டின் பின்கட்டுக்கு. தீப்பெட்டி எல்லாம் என் மடியில். கோழிகள் கூண்டில். மணல் மூன்று வாளி. காதர் பீடிக் கட்டு கிணற்றில் (தேடுவான்).

16.6 வெள்ளி

காரில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சிலிண்டர் வந்து இறங்கியதைப் பார்த்ததும் எழுந்து போய் ஏறிவிட்டேன். கால் பட்டுவிட்டது. தோல் கிழிந்து உள்ளே தேங்காய் நார். இதற்குத்தான் அவ்வளவு பேச்சு. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். வைங்கலே இப்ப தீயை என்றேன்.

கதிர் கெஞ்சினான். ராஜேஸ்வரி, "தெருவே பாக்குது அத்தை, எறங்குங்க." பார்க்கட்டும். அன்றைக்கும் பார்த்தது. காதர்தான் சமாதானம் பேசினான். "சரி ஆத்தா, கேஸ் வேணாம். கிரைண்டர் வச்சு அறுத்துக்கிறோம். சந்தோசமா?"

இரும்பறுக்கிற கிரைண்டரில் பொறி சீறிக்கொண்டு வருமே என்றேன். "ஒம்மேல படாது அப்பத்தா, பின்னாடிதான் போகும். நீ இரு, ராணி மாதிரி உக்காந்திரு" என்று கதிர் அடியில் நுழைந்துவிட்டான். பெட்டியை அறுத்துப் போல்ட்டை எடுக்கப் போகிறானாம். பெட்டியையே.

கரண்ட் இல்லை. காலையில் போனது. எப்போது வரும் என்று தெரியாதாம். காதர் சுவரோரம் குந்தி, பீடியைத் தேடுகிறான். ராஜேஸ்வரி உள்ளே எதையோ போட்டு உருட்டுகிறாள்.

கண்ணாடியில் பின்பக்கம் தெரிகிறது. கதிரின் கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பெருவிரல் தனியாக விலகி. இத்தனை நாள் கவனித்ததில்லை.

ஏலே வெளிய வா என்கிறேன். "கரண்டு வரட்டும் அப்பத்தா" என்று அடியிலிருந்து குரல்.

கிரைண்டர் வயர் வீட்டு பிளக்கிலிருந்து வந்து, என் மடி மேலேயே போகிறது. இப்போதுதான் பார்க்கிறேன். பழைய வயர். நடுவில் டேப் சுற்றிய ஒட்டு.

உள்ளே என் அறை ஃபேன் கிறீச் என்கிறது. வயரை இழுக்க இரண்டு கையும் வேண்டும்