எதிரே உட்கார ஓர் ஆள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். நலம் என்றால், போன மாதம் இருந்ததைவிட மோசமாகவில்லை என்று அர்த்தம், இந்த வயதில் அதையே நலம் என்று எழுதிக்கொள்ளலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். நாள் முழுக்க போன் போட்டு டிவி விவாதத்துக்கு ஆள் பிடிப்பதுதான் என் பிழைப்பு, வீட்டுக்கு வந்தால் அதைக் காதில் வைக்கவே பிடிக்கவில்லை. தவிர, நீ கேட்டது போனில் சட்டென்று பதில் சொல்கிற விஷயமும் இல்லை. உன் ஊர் டிவிக்காரர்கள் உன்னைக் கூப்பிடுகிறார்கள், உன்னைப் போல் வேலை அனுமதியில் வந்தவர்கள் அங்கே இருக்கலாமா கூடாதா என்று விவாதமாம், போகலாமா வேண்டாமா, அம்மா, நீதானே இந்தத் தொழிலில் இருக்கிறாய், நீயே சொல் என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். அதற்கு முன் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வெளிநாட்டிலிருந்து வந்த நர்ஸ், நம் வீட்டு சிஸ்டர் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அவள் ஊருக்குப் போய்விட்டாள்.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் வரிசையாக எழுதினால்தான் எனக்கே புரிகிறது. இங்கே அரசாங்கம் மூன்று சட்டம் கொண்டுவந்தது. முதலாவது, வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் அனுமதியைக் குறைப்பது. இரண்டாவது, எல்லோருக்கும் சம வாய்ப்பு கிடைக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த அலுவலகத்தை மூடுவது. சிலருக்காக மட்டும் ஓர் அலுவலகம் இருப்பது மற்றவர்களுக்குச் சமமில்லையாம். மூன்றாவது எங்களுக்கு. டிவியில் யார் என்ன கருத்துச் சொன்னாலும் எதிரே ஒருவர் உட்கார்ந்து அதே அளவு நேரம் அதை மறுக்க வேண்டும், கூடினாலும் குறைந்தாலும் அபராதம். நாளைக்கு மழை வரும் என்று ஒருவர் சொன்னால் வராது என்று சொல்லவும் ஆள் வைக்க வேண்டுமா என்று எங்கள் ஆபீஸிலிருந்து அமைச்சகத்திடம் விளக்கம் கேட்டோம். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. அதுவரை வானிலை சொல்கிற பெண் மழை வரலாம், வராமலும் போகலாம் என்று படிக்கிறாள், ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

இந்த மூன்று சட்டத்தையும் பற்றித் தினமும் சாயங்காலம் விவாதம். எங்கள் தயாரிப்பாளருக்கு ஆபீஸில் தராசு என்று பெயர், உன்னைவிடச் சின்னவர், நல்ல பையன், காதில் மாட்டிய ஹெட்போனோடுதான் சாப்பிடுவார். ஆதரிப்பவர்களுக்குப் பஞ்சமில்லை, எதிர்ப்பவர்களுக்கும் பஞ்சமில்லை. இரண்டு பக்கத்து ஆட்களையும் ஒரே காரில் அழைத்து வந்து ஒரே காரில் கொண்டுபோய் விடுகிறோம், வழியெல்லாம் முட்டிவலிக்கு எந்தத் தைலம் நல்லது என்றுதான் பேசிக்கொள்வார்கள் என்று டிரைவர் சொல்கிறார். கிடைக்காத ஆள், வெளியிலிருந்து வந்து இங்கே வேலை செய்கிறவர். ஊரில் பாதி வேலையை அவர்கள்தான் செய்கிறார்கள், ஆனால் நான் போன் செய்தால் எல்லோருக்கும் அன்றைக்கென்று பார்த்துக் காய்ச்சல். அவங்களைப் பத்தி அவங்களே பேசலைன்னா எப்படி மேடம், ஒருத்தரையாவது பிடிங்க என்று தராசு நச்சரித்துக்கொண்டே இருந்தார்.

சிஸ்டரை நீ வீடியோவில்தான் பார்த்திருக்கிறாய். அப்பாவுக்குப் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்ததிலிருந்து அவள்தான் எல்லாம். குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்கவைப்பது, கையை மடக்கி நீட்டுவது, நடுவில் அப்பாவோடு உட்கார்ந்து டிவி பார்ப்பது. நம் பேச்சை அவள் கற்றுக்கொண்டதே எங்கள் விவாதத்தைப் பார்த்துத்தான், அதனால் வந்த புதிதில் அவளுக்குத் தெரிந்த வாக்கியங்கள் இரண்டே, ஒன்று என்னைப் பேச விடுங்க, இன்னொன்று இது திசை திருப்பும் முயற்சி. அப்பா மருந்து வேண்டாம் என்று தலையை ஆட்டினால் இது திசை திருப்பும் முயற்சி சார் என்பாள், அப்பா சிரித்தபடி வாயைத் திறந்துவிடுவார். ஒரு நாள் நான் ஆள் கிடைக்காமல் போனும் கையுமாகக் கூடத்தில் அலைவதைப் பார்த்துவிட்டு, நான் வரேன்க்கா, நீங்க தினமும் கெஞ்சுறதைப் பார்க்க முடியலை என்றாள். வேண்டாம் என்றேன். ஏன், நான் பேசுறது தப்பா இருக்கா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்புறம் என்ன என்றாள். சரி என்று தலையாட்டினேன். தராசிடம் சொன்னபோது அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

அவளுக்கு எதிரே உட்கார ஓர் ஆள் வேண்டுமே. ஓய்வு பெற்ற ஓர் அதிகாரி கிடைத்தார், மரியாதையான மனிதர், எழுந்து நின்று வணக்கம் சொன்னார். விருந்தினர் அறையில் அவர் கால் வீங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு சிஸ்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, காலைத் தூக்கி வைங்க சார் என்றாள், அவரும் வைத்துக்கொண்டார். மேக்கப் பெண் அவள் முகத்தில் பவுடர் போட்டதும் எங்கே ஒரு போட்டோ எடுங்க, ஊர்ல இருக்கிற என் பையனுக்கு அனுப்பணும் என்றாள். ஸ்டூடியோ குளிரில் அவள் பல் தந்தியடித்தது, என் சால்வையைக் கொடுத்தால் கேமராவில் நிறம் ஒத்துவராது என்று பிடுங்கி வெளியே வைத்துவிட்டார்கள்.

அதிகாரி நன்றாகப் பேசினார். பெருந்தன்மைக்கும் ஒரு எல்லை உண்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளி வீட்டையே கேட்கக் கூடாது என்றெல்லாம் ஏற்ற இறக்கத்தோடு, நேரம் முடிந்து பாதியில் நிறுத்தும்வரை. அடுத்து சிஸ்டர். ஏன் இங்கே வந்தீர்கள் என்று நடத்துபவர் கேட்டார். கூப்பிட்டாங்க, வந்தேன் என்றாள். போகச் சொன்னால் என்று கேட்டார். சொன்னா போகணும்தான், ஆனா சார் கையை யார் பிடிச்சு விடுவாங்கன்னு யோசனையா இருக்கு என்றாள். அவ்வளவுதான், பேச்சை முடித்துக்கொண்டாள். அவள் நேரம் இன்னும் நிறைய மீதி. பேசுங்க பேசுங்க என்று தராசு என் காதில் கத்துகிறார், நான் கேமராவுக்குப் பின்னால் நின்று கையைக் கையை ஆட்டுகிறேன். அவளோ அதிகாரியைப் பார்த்தாள். அவர் இருமிக்கொண்டிருந்தார். எனக்கு இவ்வளவுதாங்க சொல்லத் தெரியும், மீதி நேரத்தை சாருக்கே கொடுத்துடுங்க, பெரியவர், பாதியிலயே நிறுத்திட்டீங்க என்றாள். பஸ்ஸில் இடம் கொடுப்பது மாதிரி.

சட்டத்தில் அதற்கு வழியில்லை. ஒரு பக்கத்தின் நேரத்தை இன்னொரு பக்கத்துக்குக் கொடுத்தால் சமநிலை குலைந்துவிடும். தராசு பதறிப்போய், கேமராவை அவங்க மேலேயே வைங்க, அவங்க நேரம் முடியுற வரைக்கும் யாரும் பேசக் கூடாது என்று உத்தரவு போட்டார். ஆக அன்றைக்கு நாடு முழுக்க ஒரு பெண் குளிரில் நடுங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தது. ஒரு முறை தண்ணீர் குடித்தாள். ஒரு முறை என்னைப் பார்த்து, போகலாமா என்பது போல் புருவத்தை உயர்த்தினாள். நான் இரு என்று கையைக் காட்டினேன். மறுநாள் அந்தத் துண்டுதான் எல்லார் போனிலும். பதில் சொல்ல முடியாமல் திணறிய வெளிநாட்டுப் பெண் என்று ஒரு கூட்டம், மௌனத்தாலேயே கன்னத்தில் அறைந்தார் என்று இன்னொரு கூட்டம், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. உன் மாமா போன் செய்து, இவங்களையெல்லாம் முதல்ல வெளிய அனுப்பணும்க்கா, நம்ம பசங்க வேலையில்லாம உட்கார்ந்திருக்காங்க என்றான். அதே மூச்சில், பாப்பாகிட்டச் சொல்லி அந்த ஊர்ல என் பையனுக்கு ஏதாவது பார்க்கச் சொல்லு என்றான். சொல்லிவிட்டேன், இனி உன் பாடு.

அன்றைக்குத் திரும்பும்போது காரில் முன்னால் நான், பின்னால் அவர்கள் இருவரும். அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, என் சம்சாரமும் படுத்த படுக்கைம்மா, உங்களை மாதிரி பொறுப்பான ஆள் யாராவது தெரிஞ்சா சொல்லுங்க என்றார். நாங்க இங்க இருக்கக் கூடாதுன்னு இப்பதானே சார் சொன்னீங்க என்று சிஸ்டர் கேட்டாள், குத்தலாக இல்லை, உண்மையாகவே புரியாமல். அது கொள்கைம்மா, இது வீட்டு விஷயம் என்றார் அவர். அவளும் சரி சார், விசாரிக்கிறேன் என்றாள். விசாரித்தும் இருப்பாள், அதற்குள் அவளை அனுப்பி வைத்திருந்த ஏஜென்சியிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். அனுமதியில் இருப்பவர்கள் ஊடகத்தில் கருத்துச் சொல்லக் கூடாது என்று நிபந்தனையாம். நான்தான் பேசப் போனேன், அவள் கருத்து ஒன்றும் சொல்லவில்லையே, பெரும்பாலும் சும்மாதானே இருந்தாள் என்றேன். சும்மா இருந்ததும் ஒளிபரப்பாயிருக்கே மேடம் என்றார் மேனேஜர். கோபப்படவே இல்லை, எனக்கு டீ கூட வாங்கிக் கொடுத்தார். அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. மேல்முறையீடு செய்யலாமே என்று கேட்டேன், அதைக் கவனித்துவந்த அலுவலகத்தைத்தான் மூடிவிட்டார்கள். இதற்கு நடுவில் எங்கள் நிகழ்ச்சிக்கு, சிறந்த சமநிலை என்று அமைச்சகத்திலிருந்து பாராட்டு வந்தது. தராசு ஆபீஸில் எல்லோருக்கும் கேக் வெட்டினார். எனக்கும் ஒரு துண்டு வந்தது, தின்றேன், நன்றாகத்தான் இருந்தது.

போகிற அன்று அப்பா கையை எப்படி மடக்குவது, எங்கே வலித்தால் நிறுத்துவது என்று எனக்குச் செய்து காட்டினாள். டிவியில வந்ததுக்கு வருத்தமா என்று கேட்டேன். மேக்கப் நல்லா இருந்துச்சுக்கா என்றாள். ஏர்போர்ட்டுக்கு வர வேண்டாம் என்றாள், நானும் போகவில்லை, அன்றைக்கும் விவாதம் இருந்தது, பூங்காவில் நாய்களை அனுமதிக்கலாமா என்று. இப்போது காலையில் நான், பகலில் பக்கத்து வீட்டு டெய்லர் அம்மா வந்து பார்த்துக்கொள்கிறார், சாயங்காலம் நான் வரும்வரை அப்பா தனியாக. என்னையும் சிஸ்டர் என்றே கூப்பிடுகிறார். முதல் நாள் திருத்தினேன், அப்புறம் விட்டுவிட்டேன். எனக்கு அழுகை வரவில்லை பாப்பா, கோபமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடையதோ மாதிரி இருக்குமே, அப்படி இருக்கிறது. வேலைகள் மட்டும் நடக்கின்றன.

இனி உன் கேள்வி. உன்னைக் கூப்பிட்ட பெண் எவ்வளவு இனிமையாகப் பேசினாள் என்று எழுதியிருந்தாய். உங்கள் கதையை மட்டும் சொன்னால் போதும், கார் அனுப்புகிறோம், உங்களைப் போன்றவர்களின் குரலே கேட்பதில்லை என்றாளாமே. படித்தபோது ஒரு நிமிடம் தொழில்முறையில் மெச்சினேன். அதே வரிகள், அதே வரிசை, நான் காரை முதலில் சொல்வேன், அவள் குரலைக் கடைசியில் வைத்திருக்கிறாள், அதுதான் இன்னும் நல்லது. அவள் பொய் சொல்லவில்லை. கார் வரும், தண்ணீர் வைப்பார்கள், உன் கதையைச் சொல்லவும் விடுவார்கள். எதிரே ஒருவர் இருப்பார், அவரும் நல்லவராகவே இருப்பார். விளக்கை அணைத்ததும் அவர் தன் வீட்டுக்குப் போவார். நீ எங்கே போவாய் என்பதைத்தான் அவர்கள் விவாதித்திருப்பார்கள். உன் அனுமதி புதுப்பிக்கப் போயிருக்கிறது, இன்னும் பதில் வரவில்லை. அங்கே என்ன நிபந்தனை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, இங்கே இருந்தது சிஸ்டருக்கும் தெரியாது.

நாங்களே பேசாவிட்டால் எங்களுக்காக யார் பேசுவார் என்று கேட்டிருக்கிறாய். சரியான கேள்வி, தராசும் இதையேதான் கேட்கிறார். நாளைக்கு எங்கள் தலைப்பே அதுதான், வெளியிலிருந்து வந்தவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை. இன்று காலையிலிருந்து ஆள் தேடுகிறேன், ஒருவரும் போனை எடுக்கவில்லை. ஒவ்வொரு முறை மணி அடித்து ஓயும்போதும், இந்தத் தொழிலுக்கு வந்து முதல் முறையாக, அப்பாடா என்று இருக்கிறது. ஆகவே நியாயம் என்ன என்று கேட்டிருந்தால் போ என்றுதான் சொல்லியிருப்பேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நீ கேட்டது உன் அம்மாவை. போகாதே.

அப்பாவைப் பார்த்துக்கொள்ள வருகிறேன் என்று கிளம்பிவிடவும் வேண்டாம். வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடுவார்களா என்பதையும் அங்கே விவாதித்துக்கொண்டிருக்கிறார்களாம், முடியட்டும். அப்பாவுக்கு உன் பெயர் மட்டும் இன்னும் தெளிவாக வருகிறது, அதனால் கவலைப்படாதே. நீ எந்த ஊரில் எந்த அறையில் இருந்தாலும் உடம்பும் மனசும் கெடாமல், யாரும் உன்னை எழுந்திரு என்று சொல்லாமல் இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம். ஒன்றை மறந்துவிடாதே. அந்தப் பெண் மறுபடியும் கூப்பிட்டால் எடுக்காதே, திட்டவும் திட்டாதே, அவளும் யாருக்கோ அம்மாவாக இருப்பாள். நான் கூப்பிட்டால் எடு.

இப்படிக்கு,
அம்மா