கோட்டயத்து டாக்டரிடம் கேட்கச் சொல்கிறாள்

செவ்வாய்க்கிழமை, இரவு.

இப்படி ஆகும் என்று நான் அப்போதே சொன்னேன். நான் விற்கிற சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரை உடம்புக்குச் சத்து, ஆனால் அளவோடு சாப்பிடு என்று தங்கச்சி செல்வியிடம் படித்துப் படித்துச் சொன்னேன். அவள் சர்க்கரை மாத்திரையையே நிறுத்திவிட்டு அந்தப் பச்சை மாத்திரையை மட்டும் விழுங்கியிருக்கிறாள். இன்று காலை அல்லிநகரத்தில் வீட்டு வாசலிலேயே மயங்கி விழுந்தாள். நான் தனியாளாகத் தூக்கி ஆட்டோவில் போட்டேன். அவள் வீட்டுக்காரர், மாப்பிள்ளை, கால்களை மட்டும் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "யாரைக் கேட்டு மாத்திரையை நிறுத்துனீங்க?" என்று சத்தம் போட்டார்.

"அண்ணனுக்குத் தெரிஞ்ச கோட்டயத்து டாக்டர் சொன்னாக. அவக வீட்டம்மாவே பாசியைத் தின்னுதான் சர்க்கரையை விரட்டுனாகளாம்" என்றாள் செல்வி.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"பாசியில பல்லு விளக்கச் சொல்லலையா மச்சான், அந்த டாக்டர்?" என்றார் மாப்பிள்ளை.

ஊசி போட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்து, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினார்கள். செல்வி மாத்திரையைத் தொடவில்லை. மாப்பிள்ளை கெஞ்சியும் கேட்கவில்லை.

"அண்ணே, காலையில அவகளுக்குப் போனைப் போட்டுக் கேளுங்க. அவக போடச் சொன்னாத்தான் போடுவேன்."

படுத்தால் தூக்கம் வரவில்லை. நானே மலையாளம் கலந்து அந்த டாக்டராகப் பேசிவிடலாமா என்றுகூட யோசித்தேன். என் மலையாளம் சுத்தமானதுதான், ஆனால் என் குரல் அவளுக்குத் தெரியும்.

கோட்டயத்தில் எனக்கு ஒரு டாக்டரையும் தெரியாது. அந்த ஆளை நான்தான் உண்டாக்கினேன், அவர் வீட்டம்மாவையும் சேர்த்து.