பலகாரத்துக்கு நாள்

சிவமயம்

கோப்பாய்,
வெகுதானிய வருடம், ஆனி 6.

அன்புள்ள தம்பி செல்வநாயகத்துக்கு,

நகுலேஸ்வரர் துணையால் நானும் அத்தானும் நலம். சென்னையில் நீயும் நலமாயிருக்க அவரையே வேண்டுகிறேன்.

உன் கடிதம் வந்தது. "இரவில் இப்போது பலகாரம்தான். வீட்டுக்கார அம்மாவின் மகள் கொண்டுவந்து தருகிறாள். கவலைப்படாதே" என்று எழுதியிருக்கிறாய். எப்படியடா கவலைப்படாமல் இருப்பது? அரியதரமும் பயற்றம் பணியாரமும் சும்மா ஒரு நாளில் சுடுகிற சாமான்களா? எண்ணெய்த் தாச்சி அடுப்பில் ஏறக் காரணம் வேண்டும். தீபாவளிக்குச் சுடுவோம், கலியாணத்துக்கு நாள் பார்த்துச் சுடுவோம், செத்தவருக்கு எட்டாம் நாள் படைக்கச் சுடுவோம். இரவுக்கு இரவு ஒரு குமர்ப்பிள்ளை பலகாரத் தட்டோடு வந்து நின்றால் அந்த வீட்டார் என்ன நினைத்திருக்கிறார்கள் என்று உனக்கு விளங்கவில்லையா, விளங்கித்தான் சாப்பிடுகிறாயா?

வைகாசி வெயிலில் கம்பளிச் சால்வை அனுப்பச் சொல்லி நீ எழுதியபோதே எனக்குச் சந்தேகம். யாருக்குப் போர்த்த?

அரியாலை அருளம்பலத்தார் "கலியாணப் பலகாரத்துக்கு நாள் வைப்பமோ" என்று கேட்டு இரண்டாம் தரமும் ஆள் அனுப்பிவிட்டார். அவர் மகள் பத்மாசினி அடக்கமான பிள்ளை. அம்மா கண்மூடிய பிறகு உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். என்னைத் தலைகுனிய வைக்காதே.

மற்றப்படி கிணற்றடி வாழை குலை தள்ளியிருக்கிறது. அத்தானுக்கு முழங்கால் நோவு குறைவு. உடனே பதில் எழுது.

கோபத்தோடும் அன்போடும்,
அக்கா நாகேஸ்வரி


கோப்பாய்,
ஆனி 12.

தம்பி,

உன் பதில் வருமுன்னே இதை எழுதுகிறேன்.

சென்னையில் அச்சுக்கூட வேலையை விட்டுவிட்டு முத்துக்குமாரு ஊர் வந்திருக்கிறான். அவனிடம் உன்னைப் பற்றி முறையிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கை, அங்கை பலகாரம் எண்டால் அரியதரம் இல்லை. இட்டலி, தோசையைத்தான் உப்பிடிச் சொல்லுறவை" என்றான். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்படியென்றால் இரவில் நீ ஏன் சோற்றை விட்டாய் என்று சும்மாதான் கேட்டேன். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். "விரதகாரர் சாப்பிடுவினம். காய்ச்சல்காரருக்கும் வைத்தியர் சோத்தை மறிச்சுப் பலகாரம்தான் சொல்லுவார்" என்று சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தான்.

நீ விரதம் பிடிக்கிற ஆளா? கந்தசட்டியில் கூட அடுக்களையில் ஒளித்துச் சாப்பிட்டவன்.

சால்வை உனக்குத்தானா? பின்னேரங்களில் குளிர்கிறதா? இருமல் உண்டா? எத்தனை நாளாய் இது? எனக்கு மறைத்து எதைக் காப்பாற்றப் பார்த்தாய்? எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. இரண்டு நாளாய் சோறு எனக்கும் இறங்கவில்லை.

அந்தப் பிள்ளையை மனதுக்குள் எவ்வளவு ஏசினேன். ஊர் பேர் தெரியாத உனக்குத் தட்டில் வைத்துத் தந்தவள். அவளைக் கட்டிக்கொண்டுதான் வருவாய் என்றாலும் வா. அரியாலைக்கு நான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். நேற்று அவர்களின் ஆள் திரும்ப வந்தபோது நாள் வைக்கலாம் என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை.

உன்னைக் கூட்டிவர அத்தான் தலைமன்னாரில் கப்பல் ஏறப் பெட்டி கட்டிவிட்டார். மறுக்காமல் அவரோடு வந்துவிடு. சோறு ஆகாதென்றால் கஞ்சி வைத்துத் தருகிறேன்.

இன்னொன்று. போன கடிதத்தில் பலகாரம் எதற்கெல்லாம் சுடுவோம் என்று மூன்று காரணம் எழுதினேன். கோபத்தில் கை எழுதிவிட்டது. அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்து, கடைசிக் காரணத்தை எழுத்துத் தெரியாமல் மையால் அடித்துவிடு, என் ராசா. மற்ற இரண்டும் இருக்கட்டும்.

வாசலையே பார்த்திருக்கும்
அக்கா