அவளுடையது என்று சொல்லிவிட்டேன்

ஜனவரி 8, 2025

ராமநாதபுரத்தில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் சல்மான் எனக்காக ஒரு பொம்மையை எடுத்து வைத்திருந்தான். வெளிநாட்டுப் பொம்மை, ஒல்லி இடுப்பு, நீளக் கால். கம்மல் துரு இறங்கிக் காதோரமெல்லாம் பச்சை. முடி சிக்குப் பிடித்துக் கயிறாகக் கிடந்தது. சாயங்காலம் வயலில் மோட்டார் ரூமில் உட்கார்ந்து, பழைய முகச்சாயத்தைத் துடைத்து எடுத்தேன். காதுக்கு முகப்பரு க்ரீம் பூசியிருக்கிறேன். நாளை வெயிலில் வைக்க வேண்டும். பச்சை மெல்லப் போய்விடும்.

கண்ணும் வாயும் இல்லாத அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்கிறது. இதை யாரிடம் சொல்ல? முப்பத்தெட்டு வயது ஆம்பளை, சம்சாரி. பழைய பொம்மைகளைப் புதுசாக்கி நான் இன்ஸ்டாகிராமில் போடும் படங்களைப் பார்ப்பவர்கள் ‘அக்கா’ என்றுதான் எழுதுகிறார்கள். நான் திருத்தியதில்லை. ஜெயசுதாவுக்கு மட்டும் தெரியும். “ஒங்க கைக்கு இது வருது” என்று ஒருமுறை சொன்னாள். பெண்டாட்டி அப்படிச் சொன்னதே எனக்குப் போதுமாக இருந்தது.

ஜனவரி 13

புது முடி பாதி நட்டாயிற்று. ஊசி விரலில் ஏறிவிட்டது. அய்யா கேட்டார். கருவேல முள் என்றேன்.

ஜனவரி 16

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

பொங்கலுக்கு இராமலட்சுமி அக்கா குடும்பத்தோடு வந்திருந்தாள். பிள்ளைகள் மோட்டாரில் குளிக்கப் போனார்கள். மோட்டார் ரூம் பூட்டிலேயே சாவியை விட்டிருக்கிறேன், மடையன். பொம்மை இருந்த அட்டைப்பெட்டியோடு வீட்டுக்கு வந்து, முற்றத்தில் அத்தனை பேர் நடுவில் கொட்டிவிட்டார்கள். தலை தனி, உடம்பு தனி, கோத்த முடி, சின்னச் சின்னச் சட்டைகள்.

அய்யா என்னைப் பார்த்தார். “ஏலே காளி, யாருதுலே இது?”

“அவளுதுய்யா.”

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. ஜெயசுதா கையில் சாம்பார் வாளியோடு நின்றாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். மறுத்துச் சொல்லவில்லை. அக்கா போய் அவள் தோளைத் தொட்டு, “பாவம், மடியில ஒண்ணு இருந்தா இதெல்லாம் எதுக்கு” என்றாள். கல்யாணமாகி ஒன்பது வருடம். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாம். இலையைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

ஜனவரி 17

சோறு போட்டாள். மன்னிச்சுரு என்றேன். “பரவால்ல” என்றாள். பரவாயில்லை என்று அர்த்தமில்லை அதற்கு.

ஜனவரி 22

ஊருக்கே தெரிந்துவிட்டது. ரேஷன் கடையில் எங்கள் தெருக்காரி ஒருத்தி அவளிடம், எங்க வீட்லயும் ஒரு பழைய பொம்மை கிடக்கு, வேணுமா என்று கேட்டிருக்கிறாள். அரிசி வாங்காமல் திரும்பி வந்தாள். அக்கா போன் போட்டு, ராமேஸ்வரம் கூட்டிப் போய்த் தீர்த்தமாட வைத்தால் மனசு தெளியும் என்றாள். அய்யா சரி என்றார். நானும் சரி என்றேன்.

ஜனவரி 26

போய் வந்தோம். இருபத்திரண்டு தீர்த்தத்திலும் வாளி வாளியாக அவள் தலையில் ஊற்றினார்கள். சளி பிடித்திருக்கிறது, பைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் ஒதுங்கி நின்றேன். ஈரச் சேலையோடு நடுங்கி நின்றவளைக் காட்டி, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண்ணிடம், “பொம்மை வச்சு வெளாடுது, அதான்” என்றாள் அக்கா. எனக்கும் கேட்டது.

பஸ்ஸில் பாம்பன் பாலம் தாண்டும்போது ஜெயசுதா மெதுவாகச் சொன்னாள்: “ஒரு வாளியாவது ஒங்க தலையில விழுந்திருக்கணும்.”

ஜனவரி 28

காலையில் அய்யா பெட்டியைக் களத்து ஓரத்தில் வைத்து மண்ணெண்ணெய் ஊற்றினார். கோபமில்லை. நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். தீப்பெட்டியை ஜெயசுதாவிடம் நீட்டி, “நீயே வச்சுரு தாயி, விட்டுப்போயிரும்” என்றார்.

அவள் குச்சியை உரசிவிட்டாள். அப்போதுதான் கத்தினேன். “அய்யா, அது என்னுது. எல்லாம் நாஞ்செஞ்சது.”

அய்யாவுக்கு விளங்கவே நேரமாயிற்று. விளங்கியதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஜெயசுதா குச்சியை ஊதி அணைத்தாள்.

“என்னைச் சொன்னப்ப வராத வாயி, பொம்மைக்கின்னதும் வந்துருச்சு.”

மதியம் பை எடுத்துக்கொண்டு உத்தரகோசமங்கைக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

உண்மைதானே அவள் சொன்னது? அவளுக்காகத்தான் கத்தினேன் என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன்.

பிப்ரவரி 2

பொம்மைகளை மண்ணெண்ணெய் நாற்றம் போகக் கழுவி வைத்தேன். தொடப் பிடிக்கவில்லை.

அக்கா வீட்டுக்குப் போய், மாமா இருக்கும்போதே சொன்னேன். அக்கா, “அப்ப கோயில்ல அவ நடுங்கிக்கிட்டு நின்னாளேடா” என்றாள்.

பிப்ரவரி 9

உத்தரகோசமங்கை. மாமியார் தண்ணீர் கொடுத்தார். குடிக்குமுன் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தே போயிருந்தேன். பொம்மை என்னுடையது, முடி நட்டது நான், முகம் வரைந்தது நான், பயத்தில் உங்கள் மகள் மேல் போட்டேன் என்றேன். பக்கத்தில் மச்சினன் வேல்ராஜ் நின்றான். முதலில் நம்பவில்லை. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான், அடக்க முடியாமல். காது சுட்டது. எழுந்து போகவில்லை. இன்னொன்றும் சொன்னேன்: “கொளுத்தப் போன அன்னைக்கும் பொம்மைக்காகத்தான் பேசுனேன், அவளுக்காக இல்ல அத்தை. அதுவும் தெரியணும்.”

உள்ளேயிருந்து ஜெயசுதாவின் குரல் வந்தது. “ஏலே வேலு, சிரிப்ப நிப்பாட்டு.”

கடைசி பஸ்ஸில் தனியாகத்தான் வந்தேன்.

பிப்ரவரி 17

ஜெயசுதா வந்துவிட்டாள். வந்ததும் அடுப்பைத் துடைத்தாள். அய்யா இன்னும் என்னோடு பேசுவதில்லை. அவளிடம் மட்டும் காப்பி கேட்கிறார்.

பிப்ரவரி 24

ரேஷன் கடைக்கு ஜெயசுதாவோடு நானும் போனேன். அன்றைக்குக் கேட்டவள் பெண்கள் வரிசையில் நின்றாள். சொல்லாமல் போய்விடலாமா என்றிருந்தது. ஆனாலும் எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்: “வீட்ல பழைய பொம்மை கெடக்குன்னீங்களாமே. குடுங்க, நாந்தான் சரி பண்றது.”

இரண்டு வரிசையும் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவன் என்னை ‘யக்கா’ என்று கூப்பிட்டான். தலையை நிமிர்த்த முடியவில்லை. கீழே கிடந்த சாக்குக் கிழிசலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜெயசுதா பெண்கள் வரிசைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றாள்.