நான் விட்ட புத்தகம்

ஒன்டாரியோ, ஏப்ரல் 9

அன்பு மகன் ஏலாமுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் அம்மாவும் மாடுகளும் சுகம், நீயும் அந்த மர மில்லில் பத்து விரலோடும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். என் சுகத்தை மட்டும் கேட்காதே. ஏப்ரல் வந்தும் பனி விடவில்லை, மேப்பிள் பாகு இந்த வருஷம் மட்டம், அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனால் அதையெல்லாம் சொல்ல நான் உட்காரவில்லை.

போன அக்டோபரில் நம் சபைக்குப் புதுப் போதகரைச் சீட்டுப் போட்டு எடுத்ததையும், சேணம் தைக்கும் ஏனோஸ் பௌமனுக்குச் சீட்டு விழுந்ததையும் அம்மா எழுதியிருப்பாள். நான் எழுதாதது ஒன்று உண்டு. ஐந்து பேர் பெயர் வந்தது, அதில் நானும் ஒருவன். மேசையில் ஐந்து பாட்டுப்புத்தகங்கள், ஒன்றுக்குள் மட்டும் சீட்டு. என் கை நேராக நடுப்புத்தகத்துக்குத்தான் போனது. தொட்டேன்கூட. அட்டை கொஞ்சம் உப்பியிருந்ததுபோல் பட்டது, சாகும்வரை அந்தப் பாரத்தை யார் சுமப்பது என்று பயந்து, கையை இழுத்துப் பக்கத்துப் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். அடுத்து வந்த ஏனோஸ் நான் விட்டதை எடுத்தான். பிஷப் திறந்தார், சீட்டு அதில் இருந்தது. கர்த்தருடைய தீர்ப்பு என்று எல்லோரும் அழுதார்கள், வெட்கமில்லாமல் நானும் கூடச் சேர்ந்து அழுதேன்.

சேணத்துக்கு விலை சொல்லவே திக்குகிற மனிதன் அவன். குளிர்காலத்தில் மூன்று தரம் பிரசங்கிக்க எழுந்தான், மூன்றாம் தரம் வாயே திறக்கவில்லை, பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அன்றிலிருந்து பேச்சும் இல்லை, சாப்பாடும் இல்லை. போன வாரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவன் மனைவி சலோமி நம் அடுப்பங்கரையில் வந்து நின்று, "ஆமோஸ் அண்ணே, கர்த்தர் ஆளைத் தப்பாப் பிடிச்சுட்டாரா?" என்று கேட்டாள். "அவர் தப்புப் பண்ணமாட்டாரும்மா" என்று சொல்லி இரண்டு பாட்டில் பீட்ரூட் ஊறுகாய் கொடுத்து அனுப்பினேன். நான் என்ன மனுஷன் சொல்லு.

அம்மாவிடம் அன்றைக்கே எல்லாவற்றையும் கொட்டினேன். "உங்க கை குறுக்க வந்தா கர்த்தர் வேலை நின்னுபோயிருமோ? அம்மாம் பெரிய கையா உங்களுது?" என்றாள். இருக்கலாம். அவள் ஜெபிக்கிறாள், எனக்கு ஜெபம் வரவில்லை. நடந்தது அவர் சித்தமா என் பயமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலோசனைக் கூட்டம், திருவிருந்துக்கு முன் ஒவ்வொருவரும் தேவனோடும் சபையோடும் எனக்குச் சமாதானம் என்று சொல்லவேண்டுமே. என்னால் முடியாது. எழுந்து இந்தக் கையைப் பற்றிச் சொல்லப்போகிறேன். சொன்னாலும் விழுந்த சீட்டு திரும்பாது, ஏனோஸ் தேறி வருவானா என்பதும் தெரியாது.

அதற்கு முன் உன்னிடம் சொல்லவேண்டியது இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் நீ லீடியாவைக் கட்டிக்கொள்ளக் கேட்டபோது, "கர்த்தரோட வேளை வரலப்பா, காத்திரு" என்றேன். நீ காத்திருந்தாய், அவள் காத்திருக்கவில்லை, நீயும் வண்டியேறிப் போய்விட்டாய். அந்த வருஷம் கொட்டகையில் இருபத்திரண்டு மாடு, கறக்க நீயும் நானும்தான், கல்யாணமானால் நீ தனிப்பண்ணைக்குப் போய்விடுவாய். கர்த்தரை நான் கேட்கவே இல்லை மகனே. வேளை வராதது எனக்குத்தான்.

அம்மா இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை அனுப்புகிறாள், ஈரமானதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகாதே. ஏனோஸுக்காக ஜெபி. கர்த்தர் உன்னைக் காக்கட்டும். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் அவருடைய வேளைக்குக் காத்திரு என்று எழுதுவேனே, இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை.

உன் அப்பா,
ஆமோஸ் புரூபாக்கர்